பானைகளோடு போய் வாங்கிய கேஸ் குக்கர்

புதுக் கேஸ் குக்கர் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள் என்றால் வீட்டுப் பானைகளையும் கையோடு கொண்டு போங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். இந்த யோசனை அம்மாவுடையது. அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் 50 சென்டிமீற்றர் அகலத்தில் அழகான ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, தினமும் அவரிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பில், கல்லடியில். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். கடற்கரைக்கு நடந்தால் ஐந்து நிமிடம். இந்தக் காற்றில் இரும்புச் சாமான் எதுவும் நிலைக்காது. பழைய குக்கரை 2007இல் வாங்கினோம். சுனாமிக்குப் பிறகு திரும்பக் கட்டிய வீட்டின் குசினிக்கு வந்த முதல் பெரிய சாமான் அது. பதினெட்டு வருடம் உழைத்தது. கடைசியில் அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்தது, நான்கு பர்னரில் இரண்டு எரியவில்லை, அவண் கதவின் பிணைச்சல் உடைந்துவிட்டது. மனைவி வீட்டிலிருந்தே பிறந்தநாள் கேக் செய்து கொடுப்பவர். அவண் கதவு திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு கதிரையை முட்டுக்கொடுத்துவிட்டு, அதற்கு முன்னால் உட்கார்ந்து கேக் சுட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த அன்றுதான் இனிப் பொறுக்கக்கூடாது என்று தோன்றியது.

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். அதனால் முதலில் அட்டவணை போட்டேன். மூன்று நான்கு மாதிரிகளின் பர்னர் வலு, அவண் கொள்ளளவு, விலை, உத்தரவாதக் காலம் எல்லாம் எழுதி அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்துவிட்டு, "இதுல நம்மட சோத்துப்பானையும் தாச்சியும் ஒண்டா இருக்குமா மனே?" என்று கேட்டார். அட்டவணையில் அதற்குப் பதில் இல்லை. கடைக்காரர் தரும் தாளிலும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு உரப்பையில் எல்லாவற்றையும் கட்டினோம். 28 சென்டிமீற்றர் சோத்துப்பானை, புட்டுப்பானையும் குழலும், மீன் பொரிக்கும் பெரிய தாச்சி, கறி வைக்கும் மண்சட்டி, தேத்தண்ணிக் கேத்தல். மனைவி தன் பெரிய கேக் தட்டையும் எடுத்துக்கொண்டார். மண்சட்டியை மட்டும் அம்மா பையில் வைக்க விடவில்லை, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார்.

முதலில் நகரத்தில் ஒரு பெரிய காட்சியறைக்குப் போனோம். குளிரூட்டிய இடம், வரிசையாகப் பளபளவென்று குக்கர்கள். அங்கு நின்ற பையன் மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் பானையை எடுத்ததும் "மேல வைக்க ஏலாது, கீறல் விழும்" என்றான். ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் அடுப்பில் பானையை வைத்துப் பார்க்க விடாத கடையில் எனக்கு வேலை இல்லை. வெளியே வந்துவிட்டோம்.

காத்தான்குடியில் பேரீச்ச மரங்கள் நிற்கும் அந்தப் பிரதான வீதியில், அவ்வளவு பெரிதில்லாத ஒரு கடை. முதலாளி நானா உரப்பையைப் பார்த்துச் சிரித்தார். "வையுங்கம்மா, வச்சுப் பாருங்க, அதுக்குத்தானே இது" என்று ஒரு மாதிரிக் குக்கரின் மேலிருந்த அட்டைகளையெல்லாம் தானே எடுத்துப்போட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

50 சென்டிமீற்றர் குக்கரில் பின்வரிசைப் பெரிய பர்னரில் சோத்துப்பானையை வைத்தோம். அதற்கு முன்னால் தாச்சியை வைத்தபோது இரண்டின் விளிம்பும் முட்டி, தாச்சி ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. கொதிக்கும் எண்ணெயோடு அப்படி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான்கு பர்னர் என்று விற்கிறார்கள், எங்கள் பானைகளுக்கு அது மூன்றுகூட இல்லை. 60 சென்டிமீற்றரில் சோத்துப்பானை, தாச்சி, மண்சட்டி மூன்றும் முட்டாமல் இருந்தன, கேத்தலுக்கும் இடம் மிஞ்சியது. 90 சென்டிமீற்றரில் ஐந்து பர்னர், நடுவில் தாச்சிக்கென்று மூன்று வளையத் தீ. அம்மாவுக்கு அதில்தான் மனம். ஆனால் எங்கள் குசினியில் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி 64 சென்டிமீற்றர். அவணும் அந்த அளவுக்குப் பெரிது. அரைக் கிலோ கேக் சுட அவ்வளவு பெரிய பெட்டியைச் சூடாக்குவது வீண் என்று மனைவியும் சொல்லிவிட்டார். பெரிய குடும்பம், வீட்டில் சாப்பாட்டு ஓடர் எடுப்பவர்கள் என்றால் 90 சரி.

அடுத்தது, பானை உட்காரும் கம்பி. இதில் நான் கவனமே செலுத்தியிருக்க மாட்டேன். மெல்லிய எனாமல் பூசிய கம்பி ஒரு வகை, கனமான வார்ப்பிரும்பு இன்னொரு வகை. அம்மா மண்சட்டியை வைத்து விளிம்பில் விரலால் மெதுவாகத் தட்டினார். அடி உருண்டையான சட்டி மெல்லிய கம்பியில் ஆடியது, வார்ப்பிரும்பில் ஆடவில்லை. பிறகு கேத்தலைச் சின்னப் பர்னரில் வைத்தார். கம்பிகளின் நடு இடைவெளி அகலமாக இருந்ததால் கேத்தல் சாய்ந்தது. நானா உள்ளே போய், அதன் மேல் வைக்கும் சின்னச் சிலுவைக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். இது பெட்டிக்குள் வருமா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சில மாதிரிகளுக்குத் தருகிறார்கள், சிலவற்றுக்கு இல்லை.

என் பங்குக்கு நான் கொண்டுபோனது ஒரு காந்தம். குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டும் சின்னக் காந்தம்தான். துருப்பிடிக்காத உருக்கு என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்வார்கள், ஆனால் அதில் தரங்கள் உண்டு. 304 என்ற தரத்தில் நிக்கல் கலந்திருக்கும், காந்தம் அநேகமாக ஒட்டாது. 430 தரத்தில் நிக்கல் கிடையாது என்று சொல்லலாம், காந்தம் நன்றாக ஒட்டும். உப்புக்காற்றில் முன்னது கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். நான் தொட்டுப் பார்த்ததில் மேல்தட்டில் காந்தம் ஒட்டாத குக்கர் இரண்டுதான். முன்பக்கமும் கதவும் எல்லாவற்றிலும் ஒட்டின. அது பரவாயில்லை, உப்புத் தண்ணியும் புளியும் பொங்கி வழிவது மேல்தட்டில்தானே. பக்கத் தகடுகள் பெரும்பாலும் சாயம் பூசிய சாதாரண இரும்பு, அதையும் தெரிந்துதான் வாங்கவேண்டும். கடலிலிருந்து தள்ளி, செங்கலடிப் பக்கமோ அம்பாறைப் பக்கமோ இருப்பவர்கள் இதற்காக அவ்வளவு கவலைப்படத் தேவையில்லை.

நாங்கள் விட்டுக்கொடுக்காத இன்னொன்று, தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் வால்வு. கார்த்திகை மாரியில் வடகீழ்க் காற்று எங்கள் குசினி யன்னலுக்கு நேராக வரும். சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போது தீ அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்த சம்பவம் பழைய குக்கரில் இரண்டு தடவை நடந்தது. சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது, தரையோடு பரவி நிற்கும். மணம் மூக்குக்கு வரும்போது காலடியில் அது நிறைய இருக்கலாம். 2021 கடைசியில் நாடு முழுக்கக் கேஸ் கசிவும் வெடிப்புமாகச் செய்தி வந்த நாட்களில் அம்மா இரவில் இரண்டு முறை எழும்பி ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்ப்பார். அந்தப் பயம் வீட்டைவிட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை.

இந்த வால்வு வேலை செய்யும் விதம் எனக்குப் பிடித்த பாடம். பர்னர் பக்கத்தில் ஒரு மெல்லிய முள் நிற்கும். இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் செய்தது, பெயர் வெப்பவிணை. தீயில் சூடாகும்போது அது சில மில்லிவோல்ட் மின்னைத் தானே உண்டாக்கும். அந்தச் சின்ன மின்தான் உள்ளே இருக்கும் மின்காந்தத்தை இயக்கி வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. தீ அணைந்தால் முள் ஆறும், மின் நிற்கும், வால்வு மூடிக்கொள்ளும். வெளி மின்சாரம் தேவையில்லை, கரண்ட் போன நேரத்திலும் காவல் இருக்கும். வீட்டுக்கு வந்தபின் தீயை ஊதி அணைத்துவிட்டு நேரம் பார்த்தேன். 18 செக்கனில் 'டிக்' என்று சத்தம் கேட்டது. ஆனால் பற்றவைக்கும்போது குமிழை நான்கைந்து செக்கன் அழுத்திப் பிடிக்கவேண்டும். அம்மா பழைய பழக்கத்தில் உடனே கையை எடுப்பார், தீ அணையும். ஒரு கிழமை கோபப்பட்டார், பிறகு பழகிவிட்டது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கடையிலேயே இரண்டு தடவை திருப்பிப் பழக்கி விடுங்கள்.

அவண் கேஸா கரண்டா என்பதில் வீட்டில் இரண்டு இரவு பேச்சு நடந்தது. 2022ஐ மறக்க முடியுமா? கேஸுக்கு விடிய முதல் வரிசை, கரண்ட் ஒரு கட்டத்தில் 13 மணி நேரம்வரை வெட்டு. வளவுக்குள் மூன்று கல் வைத்து, தென்னம்பாளையும் பொச்சுமட்டையும் எரித்து அம்மா சமைத்தார். அந்த அனுபவத்தில் நான் வந்த முடிவு, முழுவதையும் ஒன்றிலேயே போடக்கூடாது. மேலே கேஸ், கீழே மின்சார அவண். கேக் வேலைக்கும் அதுதான் நல்லது என்பது மனைவியின் கணக்கு. கேஸ் அவணில் சூடு பெரும்பாலும் கீழிருந்து வரும், தட்டை நடுவில் திருப்பித் திருப்பி வைக்கவேண்டும். மின்சார அவணில் மேலும் கீழும் சுருள் இருக்கிறது, பின்னால் விசிறியும் இருந்தால் சூடு சுற்றி வரும்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். எங்கள் அவண் 2.2 கிலோவாட். 230 வோல்ட்டில் அது ஒன்பதரை அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் இருக்கும் 5 அம்பியர் உருண்டைமுள் பிளக்கில் ஒரு அடப்டரைப் போட்டு இதைக் கொடுத்தால் வயர் உருகும். நாங்கள் குசினிக்குத் தனி வயர் இழுத்து, எர்த் சரிபார்த்து, 13 அம்பியர் பிளக் போட்டோம். குக்கர் விலை 178,000 ரூபா, இந்த வயரிங் வேலைக்கு இன்னும் 9,500 போனது. பணம் ஒதுக்கும்போது இதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

சரி, இனி எங்களுக்கு நேர்ந்த தொல்லை. பட்டா லொறியில் குக்கர் வந்தது. கூட வந்த பையன் ஹோஸை மாட்டி, ஒரு பர்னரைப் பற்றவைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டான். அன்று இரவு அம்மா சோறு வடிக்கப் பானையைத் தூக்கினார். அடி முழுக்கக் கரி. விறகடுப்பில் வைத்ததுபோல் கறுப்பு. தீயைப் பார்த்தேன், நீலமாக இல்லை. பானைக்கு வெளியே வரை நீண்டு, நுனியெல்லாம் மஞ்சளாக நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. புதுக் குக்கருக்கு இது ஆகாது.

குக்கரை முன்னால் இழுத்துப் பின்பக்கத் தாளை டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஜி20, 20 மில்லிபார் என்று இருந்தது. அது குழாய் வழியாக வரும் இயற்கை வாயுவுக்கான அமைப்பு. நம் நாட்டில் வீடுகளுக்கு அப்படிக் குழாய் வாயு இல்லவே இல்லை. சிலிண்டரில் வரும் கேஸுக்கு ஜி30 என்று, 28 அல்லது 30 மில்லிபார் அழுத்தம் குறித்திருக்கவேண்டும். அவணுக்குள் தேடியபோது அறிவுறுத்தல் புத்தகத்தோடு ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டியிருந்தது. அதற்குள் பித்தளையில் நான்கு சின்னத் துண்டுகள், சுண்டுவிரல் நகமளவு. ஜெட் என்பது இதைத்தான். ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருந்தது, 50, 65, 65, 85. துவாரத்தின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் எத்தனை பங்கு என்பதே அந்த எண். பர்னர் மூடியை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தேன், பெரிய பர்னரில் 128 என்று எழுதிய ஜெட் நின்றது. 0.85 இருக்கவேண்டிய இடத்தில் 1.28. துவாரத்தின் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல். போதிய காற்று கலக்காமல் கேஸ் கொட்டுகிறது, எரிந்து முடியாத பகுதி கரியாகப் பானையில் ஒட்டுகிறது. கரி மட்டுமென்றால் பரவாயில்லை, அப்படி எரிகிற தீயிலிருந்து காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவும் வரும். யன்னலை மூடிக்கொண்டு சமைக்கிற மழை நாளில் அது ஆபத்து.

எல்லாக் குமிழையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைக்குப் போன் எடுத்தேன். மூன்று நாள் யாரும் வரவில்லை. அந்த மூன்று நாளும் பழைய குக்கரின் மிஞ்சிய இரண்டு பர்னரில்தான் சமையல். எனக்கு உண்மையாகவே கோபம். பானை வைத்துப் பார்க்க விட்ட அதே கடை, கடைசி வேலையைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டது. நான்காம் நாள் நானாவே ஒரு அனுபவமுள்ள மெக்கானிக்கோடு பின்னேரம் வந்தார். "தம்பி, பெட்டிய உடைக்கக்குள்ள நாங்க பார்த்திருக்கணும், எங்கட பிழை" என்றார். காரணம் தேடாமல் அப்படிச் சொன்னதில் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மெக்கானிக் நீட்டுச் சாவி ஒன்றால் நான்கு ஜெட்டையும் கால் மணி நேரத்தில் மாற்றினார். பிறகு குமிழ்களைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்னத் திருகாணியைத் திருப்பிக் குறைந்த தீயையும் சரிசெய்தார். இதைப் பலர் செய்யாமல் போய்விடுவார்களாம். செய்யாவிட்டால் குமிழைக் கடைசிவரை குறைத்தாலும் பால் பொங்கும், பாலாணம் (தேங்காய்ப்பால் சொதி) திரையும். சவர்க்கார நுரை பூசி மூட்டுகளையும் பார்த்தார், குமிழி இல்லை.

ஆகவே, குக்கர் வந்த நாளில் பொருத்துகிறவரைப் போகவிடாதீர்கள். நான்கு பர்னரையும் எரியவைத்துப் பாருங்கள். தீ நீலமாக, பர்னரோடு ஒட்டி, கூர் கூராக நிற்கவேண்டும். ஜெட் மாற்றுவதை மட்டும் நீங்களாகச் செய்யவேண்டாம்.

ஜெட் சரியான பிறகு கேஸ் செலவையும் கணக்குப் பார்த்தேன். 3 கிலோவாட் பர்னர் முழுத் தீயில் மணிக்கு 218 கிராம் கேஸ் எரிக்கும் என்று தாளில் உண்டு. 12.5 கிலோ சிலிண்டர் என்றால் 57 மணி நேரம். ஆனால் யாரும் முழு நேரமும் முழுத் தீயில் வைப்பதில்லை. எங்கள் ஐந்து பேர் வீட்டில், கேக் கரண்டுக்குப் போனபின், ஒரு சிலிண்டர் 47, 48 நாள் வருகிறது. பழையதில் அவணும் சேர்ந்து 35 நாளைத் தாண்டவில்லை. கரண்ட் பக்கத்தில், ஒரு கிலோ பட்டர் கேக்குக்கு மீற்றரில் ஒன்றரை அலகுக்குக் கிட்டச் செலவாகிறது.

அவணைப் பரீட்சித்த முறை மனைவியுடையது. கேக் மா கரைக்க முதல், நடுத்தட்டு முழுக்க ரோஸ்பாண் துண்டுகளை இடைவெளியில்லாமல் அடுக்கி, 180 பாகையில் வைத்தார். எந்த மூலை முதலில் சிவக்கிறது என்று கண்ணாடியால் பார்த்துக்கொண்டே இருந்தார். பின் வலது மூலையில் இருந்த இரண்டு துண்டு மற்றவற்றைவிடக் கறுத்தன. மற்ற இடம் எல்லாம் ஒரே பொன்னிறம். அன்றிலிருந்து அந்த மூலையில் கேக் தட்டு முட்டாமல் வைக்கிறார். குமிழில் 180 என்று இருந்தாலும் உள்ளே தொங்கவிட்ட வெப்பமானி 170தான் காட்டியது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாவுக்கு அந்த வெப்பமானி கிடைக்கிறது, கேக் செய்பவர்கள் கட்டாயம் வாங்குங்கள். கதிரை முட்டு இல்லாமல் சுட்ட முதல் கேக் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஐந்தாவது பிறந்தநாளுக்குப் போனது. மேல் வெடிக்காமல், ஒரே மட்டமாக எழும்பியிருந்தது. அன்று மனைவியின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

ஒன்பது மாதம் ஆகிவிட்டது. குறை இல்லாமல் இல்லை. மேலே மூடும் கண்ணாடியை ஒரு கிழமையில் கழற்றி வைத்துவிட்டோம். பர்னர் ஆறாமல் அதை மூடினால் வெடித்துச் சிதறக்கூடும், அம்மாவுக்கோ சமைத்த கையோடு மூடும் பழக்கம். போதாததற்குப் புட்டுக்குழலின் ஆவி முழுக்க அதில் படிந்து பின்னால் வடிந்தது. குமிழைச் சுற்றியுள்ள எழுத்து சவர்க்காரம் பட்டு மங்கத் தொடங்கிவிட்டது. பின்பக்கத் திருகாணிகள் இரண்டில் துரு எட்டிப் பார்க்கிறது, மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். மேல்தட்டில் மட்டும் இதுவரை ஒரு புள்ளி இல்லை.

காலையில் இப்போது ஒரே நேரத்தில் புட்டு அவிகிறது, பக்கத்தில் மண்சட்டியில் களப்பு இறால் கறி, முன்னால் பாலாணம், மூலையில் கேத்தல். நான் பள்ளிக்கூடம் வெளிக்கிடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பழைய குக்கரை இரும்புக்காரர் எடுத்துப் போனார், அதன் கம்பிகளை மட்டும் அம்மா கொடுக்கவில்லை. வளவில் அந்த மூன்று கல் இன்னும் இருக்கிறது, அதன் மேல் அவற்றை வைத்திருக்கிறார். ஹோஸை இரண்டு வருடத்தில் மாற்றவேண்டும் என்று மெக்கானிக் சொன்ன திகதியை, அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் மார்க்கரால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.